ஆறு கலருக்கு அடியில் ஒரு வெள்ளை

முதலில் வந்தது டி-ஷர்ட். பாட்டெல்லாம் அப்புறம்தான்.

1994-இல் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு கருப்பு டி-ஷர்ட் எடுத்தேன். நெஞ்சில் ஒரு முக்கோணம். இந்தப் பக்கம் வெள்ளைக் கோடாக உள்ளே போவது அந்தப் பக்கம் வானவில்லாக வெளியே வரும். பச்சை மட்டும் ஒரு நூல் நகர்ந்து மஞ்சள் மேல் ஏறியிருந்தது. அதனால்தான் ரிஜெக்ட் ஆகி அங்கே வந்திருக்கிறது. இயற்பியல் பாடத்துப் படம் என்று நினைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் அதைப் போட்டுத் திரிந்தேன். ஒருநாள் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் தாடி வைத்த ஒருவர் என் நெஞ்சையே பார்த்துவிட்டு, "ஃப்ளாய்டு கேப்பீங்களா?" என்றார்.

"ஃப்ளூயிடு மெக்கானிக்ஸுங்களா? அது அடுத்த செமஸ்டர்லதானுங்க" என்றேன்.

மனிதர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே ரெக்கார்டிங் கடையில் ஒரு டிடிகே 90 கேசட்டில் பதியச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பக்கமும் பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழு: ஒரு பக்கம் 1973-இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (என் நெஞ்சில் இருந்த முக்கோணம் இதன் அட்டைப் படம்தான்), மறுபக்கம் 1975-இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்'. இரண்டுமே முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கும், பக்கத்துக்கு ஒன்று அளவெடுத்துத் தைத்ததுபோல உட்காரும். முதல் பக்கம் 'தொம் தொம்' என்று இதயத் துடிப்போடு ஆரம்பிக்கும். கேசட் பழுது என்று நினைத்து டேப் ரெக்கார்டர் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தவன் நான்.

இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், அந்தக் குழுவின் கிதார்க்காரர் டேவிட் கில்மோரின் தனி ஆல்பமான 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' பற்றி நான் எழுதுவதில் யாரும் நடுநிலைமையை எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான். 2024 செப்டம்பர் 6-ஆம் தேதி வந்த ஆல்பம். செப்டம்பர் 6, அதே குழுவில் பாட்டு வரிகள் எழுதி, பிறகு கில்மோரோடு பகையாகிப் பிரிந்துபோன ரோஜர் வாட்டர்ஸின் பிறந்தநாளும்கூட. தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஆல்பம் வரும்போது கில்மோருக்கு 78 வயது. வந்தபோது, 'டார்க் சைடு'க்கு அப்புறம் தான் செய்ததிலேயே சிறந்தது இதுதான் என்று அவரே சொன்னார்.

சொல்லட்டும். புதுச் சரக்கு இறக்கும் எந்த வியாபாரி வேறு மாதிரிச் சொல்வான்? ஆனால் 1975 என்று ஒரு வருஷம் இருந்தது. அந்த நாலு சுரம், 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் 'ஷைன் ஆன்' பாட்டுத் தொடக்கத்தில் கிதார் மட்டும் தனியாக வாசிக்குமே, அந்த நாலு சுரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? 1979-இல் 'கம்ஃபர்டப்லி நம்ப்' கடைசியில் வரும் சோலோ? ஐந்தாறு தடவை வாசித்து, ஒவ்வொன்றிலும் நல்ல துண்டாகப் பொறுக்கி ஒட்டிச் செய்த சோலோ அது. கேட்டால் ஒரே மூச்சில் வந்ததுபோல இருக்கும். 1994-இன் 'ஹை ஹோப்ஸ்' பாட்டைக்கூட இந்த ஆல்பத்தில் எதற்கும் ஈடாகக் கொடுக்கமாட்டேன். ஆக அவர் சொன்னதை அப்படியே ஏற்க முடியாது. அவருடைய தனி ஆல்பங்களிலேயே சிறந்தது இது என்றால், சரி, கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் என்று சொல்ல என் தொழிலுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

எனக்குப் பனியன் பிரிண்டிங் யூனிட். ஜாப் ஒர்க்தான், எட்டு டேபிள். சில வருஷத்துக்கு முன்னால் அந்த முக்கோணமே எங்களுக்கு ஆர்டராக வந்தது. ஃபிலிமை லைட் டேபிளில் வைத்து எண்ணிப் பார்த்தபோதுதான் கவனித்தேன், வானவில்லில் ஏழு கலர் இல்லை, ஆறுதான். இண்டிகோவை விட்டுவிட்டார்கள். 1973 அட்டையிலேயே அப்படித்தான். சரி, ஆறு கலருக்கு ஆறு ஸ்க்ரீன் போட்டால் வேலை முடிந்ததா என்றால், முடியாது. கருப்புத் துணியில் நேராக மஞ்சள் இழுத்தால் சேற்றுத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். முதலில் வெள்ளை பேஸ் இழுக்க வேண்டும். அதை ஃபிளாஷ் காட்டி லேசாகக் காயவிட்டு, அதன் மேல்தான் கலர். முடிந்த பீஸைக் கையில் எடுத்துப் பார்ப்பவனுக்கு அந்த வெள்ளை தெரியவே தெரியாது. பேஸ் சரியில்லை என்றால் மட்டும், "என்னங்க கலரு செத்துப்போய்க் கெடக்குது?" என்பான்.

பிங்க் ஃப்ளாய்டில் அந்த வெள்ளை பேஸ், கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்.

வார்த்தை வாட்டர்ஸுடையது, கிதார் கில்மோருடையது என்று முப்பது வருஷமாகச் சண்டை போடுகிறோம். 'அஸ் அண்ட் தெம்', 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' இரண்டுக்கும் அடியில் ஓடும் இசை ரைட்டுடையது என்பதை யாரும் எடுப்பதில்லை. 1979-இன் 'தி வால்' ஆல்பம் பதிவின்போது அவரைக் குழுவிலிருந்தே தள்ளிவிட்டார்கள். அப்புறம் கச்சேரிகளுக்கு மட்டும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தச் சுற்றுப்பயணம் பெரிய நஷ்டம். பங்குக்காரர்கள் மூன்று பேரும் கையைச் சுட்டுக்கொள்ள, சம்பளக்காரர் மட்டும் காசோடு வீட்டுக்குப் போனார். நம்ம ஊர் பார்ட்னர்ஷிப் கம்பெனிகளில் இதே கதையை நாலைந்து பார்த்திருக்கிறேன். இவ்வளவு அழகாக முடிந்ததை மட்டும் பார்த்ததில்லை.

கில்மோரின் தனி ஆல்பங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தட்டுவது அந்தப் பேஸ் இல்லாத குறைதான். 1978-இன் முதல் ஆல்பம் பரவாயில்லை, மூன்று பேர் உட்கார்ந்து வாசித்த நேர்மை இருக்கும். 1984-இன் 'அபௌட் ஃபேஸ்' அந்தக் காலத்து மினுமினுப்பை அள்ளிப் பூசிக்கொண்டது. இரண்டு பாட்டுக்கு மேல் என்னால் உட்கார முடிவதில்லை. 2006-இல், சரியாக அவருடைய அறுபதாவது பிறந்தநாளன்று வந்த 'ஆன் ஆன் ஐலண்ட்' அழகு, ஆனால் தூங்குகிற அழகு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தால் வருமே, அந்த மாதிரி. அதில் ரைட் இருந்தார், அதனால்தான் அந்தத் தூக்கமாவது சுகமாக இருந்தது. 2008 செப்டம்பரில் அவர் இறந்துபோனார்.

2015-இன் 'ராட்டில் தட் லாக்' மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். பிரான்ஸில் ஒரு ரயில்வே ஸ்டேஷனில் நிற்கும்போது அறிவிப்புக்கு முன்னால் வரும் நாலு சுர மணியோசையை ஃபோனில் பதிந்துகொண்டு, அதை வைத்தே தலைப்புப் பாட்டைக் கட்டினார். ஈரோடு ஜங்ஷனில் எத்தனை ஆயிரம் தடவை அறிவிப்பு கேட்டிருப்பேன், எனக்கு வண்டி லேட் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றியதில்லை. ஆனால் ஆல்பமாகப் பார்த்தால் அங்கே ஒரு ஜாஸ், இங்கே ஒரு வால்ட்ஸ் என்று சாம்பிள் பீஸ் தொங்கவிட்ட ரூம் மாதிரி இருக்கும். ரைட்டை நினைத்துச் செய்த 'எ போட் லைஸ் வெயிட்டிங்' மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

இப்போது புது ஆல்பம். இரண்டு விஷயம் நடந்திருக்கிறது.

ஒன்று, சார்லி ஆண்ட்ரூ என்கிற தயாரிப்பாளர். ஆல்ட்-ஜே குழுவோடு வேலை செய்தவர், வயதில் சின்னவர். ஃப்ளாய்ட் பற்றி அவ்வளவாகத் தெரியாது, தெரிந்த அளவுக்கும் பயபக்தி கிடையாது. "இங்கே கிதார் சோலோ எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். "எல்லாப் பாட்டும் மெதுவாகத் தேய்ந்துதான் முடிய வேண்டுமா, ஏதாவது ஒன்று சட்டென்று நிற்கக்கூடாதா?" என்றும் கேட்டிருக்கிறார். கில்மோரிடம் போய்! இதைச் சிரித்துக்கொண்டே சொன்னவர் கில்மோர்தான். எனக்கு இது எங்கள் ஊருக்கு வரும் பையிங் ஆபீஸ் க்யூசி பையன்களை, அதாவது தரம் பார்க்க வருகிறவர்களை, ஞாபகப்படுத்துகிறது. வந்த அன்றைக்கு எரிச்சலாக இருக்கும். பத்து நாள் கழித்து அவன் சொன்னது சரிதான் என்று தெரியும்போது அதைவிட எரிச்சலாக இருக்கும். முன்பு வாட்டர்ஸ் முறைத்துக்கொண்டு செய்த வேலையை இந்தப் பையன் சண்டை போடாமல் செய்திருக்கிறார். (அந்த வாட்டர்ஸ் 2023-இல் 'டார்க் சைடு' முழுவதையும் கிதார் சோலோ இல்லாமல் திரும்பப் பதிந்து வெளியிட்டார். அதைப் பற்றி எழுதினால் என் பிபி ஏறும்.)

'தி பைப்பர்ஸ் கால்' கேளுங்கள், அந்தக் கேள்வியின் பலன் தெரியும். உகுலேலே என்ற குட்டிக் கிதாரில் சின்னதாகத் தொடங்குகிறது. கிதார் வருமா வருமா என்று காத்திருக்க வைத்து, கடைசியில்தான் விடுகிறார். காத்திருந்ததால் அது இரண்டு மடங்கு கொடுக்கிறது. 'பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்' அவர் எழுதிய பாட்டே இல்லை. மான்ட்கோல்ஃபியர் பிரதர்ஸ் என்ற குழு 1999-இல் வெளியிட்டது. பாடுவதும் அவர் இல்லை, மகள் ரோமனி. அவளே ஹார்ப் வாசிக்கிறாள். அழுகையைக் குரலில் துளி காட்டாமல் நின்று பாடுகிறாள். அப்பா பின்னால் ஒதுங்கிக்கொண்டு, அவள் முடித்த பிறகு கிதாரை எடுக்கிறார். பாட்டு வரிகள் பெரும்பாலும் மனைவி பாலி சாம்சன், கடைசிப் பாட்டில் மகன் சார்லியின் கையும் உண்டு. வீட்டு ஆட்களை வைத்தே கம்பெனி நடத்துவதில் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. அதில் வரும் கெடுதலும் நமக்குத் தெரியும், யாரும் யாரையும் 'நல்லா இல்லை' என்று சொல்லமாட்டார்கள். 'சிங்ஸ்' பாட்டில் எனக்கு அந்த இனிப்பு கொஞ்சம் திகட்டியது. 'டார்க் அண்ட் வெல்வெட் நைட்ஸ்' வந்தால் தாண்டிவிடுகிறேன்.

குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் சுரத்தில் இப்போது விரிசல் விடுகிறது. 'எ சிங்கிள் ஸ்பார்க்' பாட்டில் நன்றாகவே கேட்கும். பழைய வழவழப்பு போய்விட்டது என்று வருத்தப்பட்ட நண்பருக்கு என் சின்ன வயதில் பார்த்த ஒன்றைச் சொன்னேன். எங்கள் ஊர் நோம்பிக்கு அண்ணன்மார் கதை பாட ஒரு உடுக்கடிக்காரர் வருவார். ராத்திரி பூரா, நாள் கணக்கில் போகும். அவர் இளவட்டமாக இருந்தபோது குரல் ரெண்டு தோட்டம் தள்ளிக் கேட்கும் என்பார்கள். நான் பார்த்தபோது கிழவர், பல் பாதி இல்லை. கதையில் தம்பி சங்கர் சாகிற இடத்துக்கு வந்ததும் பாடமாட்டார். உடுக்கையில் ஒரே ஒரு தட்டு, கயிற்றை இறுக்கி அந்த ஓசையை மேலே வளைப்பார், நிறுத்துவார். கூட்டத்தில் பெண்கள் விசும்ப ஆரம்பித்துவிடுவார்கள். குரல் இருந்த காலத்தில் அவர் அப்படி நிறுத்தியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். 'ஸ்கேட்டர்ட்' கேட்கும்போது அவர் ஞாபகம் வந்தது. இதயத் துடிப்பு மாதிரி ஒரு ஓசையோடு அந்தப் பாட்டு தொடங்கும். இந்தத் தடவை நான் ஹெட்டைத் துடைக்கவில்லை. ஏழரை நிமிஷத்துப் பாட்டில் கொஞ்சமாகப் பாடிவிட்டு, மீதியைக் கிதாரிடம் விட்டுவிடுகிறார். முதலில் அக்கூஸ்டிக், அப்புறம் எலக்ட்ரிக். 1979-இன் சோலோ மாதிரி மலை மேல் ஏறி நின்று கூப்பிடவில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிறது. குண்டடம் தாண்டித் தாராபுரம் ரோட்டில், காற்றாலைகள் ரெண்டு பக்கமும் சுற்ற, சாயங்காலம் இந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு காரை ஓரங்கட்டி நின்றேன். அதற்கு மேல் விவரிக்கத் தெரியவில்லை.

இரண்டாவது விஷயம், தலைப்புப் பாட்டு. 2007-இல் கில்மோர் தன் வீட்டுக் களஞ்சியக் கொட்டகையில் சிலரோடு உட்கார்ந்து சும்மா வாசித்ததைப் பதிந்து வைத்திருந்தார். அதில் ரைட் இருந்தார். அடுத்த வருஷம் ரைட் போய்விட்டார். பதினைந்து வருஷத்துக்கு மேல் கிடந்த அந்த டேப்பை எடுத்து, அதன் மேல் பாட்டை எழுதியிருக்கிறார். போருக்குப் பின் பிறந்த தங்கள் தலைமுறைக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தைப் பற்றிய பாட்டு. செத்தவர் விட்டுப்போன வெள்ளை பேஸ், அதன் மேல் இன்றைய கலர். ஆல்பத்திலேயே இந்த ஒரு பாட்டில்தான் கில்மோரின் கிதார் பழைய மாதிரி எழும்பி நிற்கிறது. வேறு எவ்வளவு நல்ல ஆட்களை வைத்தாலும், ஸ்டீவ் காட் மாதிரி டிரம்மர் பின்னால் இருந்தாலும், அந்த எழும்பல் மற்ற பாட்டுகளில் அவ்வளவாக இல்லை. இதை ஆல்பத்தின் பெருமை என்பதா குறை என்பதா என்று எனக்கே இன்னும் முடிவாகவில்லை.

கொட்டகையில் வாசித்த அந்த மூலப் பதிவையும் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள், 14 நிமிஷம். பாட்டு வரி கிடையாது, அலங்காரம் கிடையாது. இப்போதெல்லாம் நான் அதைத்தான் அதிகம் கேட்கிறேன். போன வாரம் நைட் ஷிஃப்டில் யூனிட் ஸ்பீக்கரில் போட்டேன். எங்கள் பிரிண்டிங் மாஸ்டருக்கு அறுபது தாண்டிவிட்டது, ராஜா பாட்டைத் தவிர எதற்கும் காது கொடுக்காதவர். கருப்புத் துணிக்குப் பேஸ் இழுத்துக்கொண்டிருந்தார். பாதியில் மை இழுக்கும் ஸ்குவீஜியை ஸ்க்ரீன் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஏனுங்க, கிதாருக்கு அடியில ஒருத்தரு பொட்டி வாசிக்கிறாருங்களே, அவரு யாருங்க?"

"ரிச்சர்ட் ரைட்டுன்னு ஒருத்தருங்கண்ணா. இல்லீங்க இப்ப. 2008-லயே போய்ட்டாரு."

"அப்டீங்களா" என்றார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். அப்புறம், "சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பீஸை டேபிளில் மாட்டினார்.