டிஸ்சார்ஜ் ஆன மறுநாளிலிருந்து

உலக மனநல நாளான அக்டோபர் 10 வந்துவிட்டால் 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று எங்கு பார்த்தாலும் போஸ்டர். தப்பில்லை. வேலை நெருக்கடியில் திணறுகிறவருக்கும் மார்க் குறைந்த பிள்ளைக்கும் அது உதவும். மனச்சிதைவோ (ஸ்கிசோஃப்ரினியா), அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறோ உள்ள வீட்டுக்கு அந்த போஸ்டரால் ஒரு பயனும் இல்லை. அங்கே இருக்கும் கேள்விகள் வேறு. ராத்திரி மாத்திரையைத் துப்பிவிட்டால் என்ன செய்வது? சோற்றில் விஷம் கலந்திருக்கிறீர்கள் என்று மகன் சொன்னால் என்ன பதில் சொல்வது? மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு எந்த வரிசையில் நிற்பது?

வார்டில் இருக்கும்போது நர்ஸ் இருக்கிறார், டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார். டிஸ்சார்ஜ் அன்று கையில் ஒரு கவர் மாத்திரையும் '15 நாள் கழித்து வரவும்' என்ற சீட்டும்தான். மறுநாள் காலையிலிருந்து வீடுதான் வார்டு, அம்மாதான் நர்ஸ். அந்த அம்மாவுக்கு யாரும் ஒரு மணி நேரம்கூடப் பயிற்சி கொடுத்ததில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 98ஆம் பிரிவு, டிஸ்சார்ஜுக்கு முன்னால் நோயாளியோடும் குடும்பத்தோடும் கலந்து பேசி, அடுத்து என்ன சிகிச்சை, என்ன சேவை என்று திட்டம் போடச் சொல்கிறது. நடைமுறையில் அந்தத் திட்டம் பெரும்பாலும் சீட்டில் கிறுக்கிய ஒரு வரியாகத்தான் இருக்கிறது. விழிப்புணர்வு ஊர்வலத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை டிஸ்சார்ஜ் ஆகிற குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பதில் செலவழித்தால் திரும்பத் திரும்ப அட்மிஷன் ஆகிறவர்கள் குறைவார்கள் என்பது என் உறுதியான கருத்து. சொல்லிக்கொடுக்க வேண்டியவை என்று நான் நினைப்பதை இங்கே எழுதுகிறேன். மருந்தை மாற்றுவதும் அளவைக் கூட்டிக் குறைப்பதும் டாக்டர் வேலை. நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

முதலில் மாத்திரை. நிறுத்தினால் மறுநாளே நோய் திரும்பிவிடும் என்றால் யாரும் நிறுத்த மாட்டார்கள். சிக்கலே அது அப்படித் திரும்பாததுதான். நிறுத்திய முதல் சில வாரம் தூக்கக் கலக்கம் போய், முகம் தெளிந்து, 'மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கானே' என்று தோன்றும். பல பேருக்கு நோய் திரும்புவது மாதங்கள் கழித்துத்தான். அதற்குள் மாத்திரையை நிறுத்தியதையே வீடு மறந்திருக்கும். பழி பக்கத்து வீட்டுச் சண்டை மேலோ, செய்வினை மேலோ விழும்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டால் திமிர் என்பார்கள். உட்கார முடியாமல் கால் பரபரக்கிறது, கை நடுங்குகிறது, வாயில் எச்சில் வடிகிறது, ஆறு மாதத்தில் பத்துக் கிலோ ஏறிவிட்டது, பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது, ஆணுக்குத் தாம்பத்தியத்தில் சிரமம் என்று சொல்ல எத்தனையோ இருக்கும். கடைசி இரண்டையும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, சத்தமில்லாமல் மாத்திரையை ஜன்னல் வழியே போட்டுவிடுவார்கள். இதில் ஒவ்வொன்றுக்கும் டாக்டரிடம் வழி இருக்கிறது: அளவைக் குறைப்பது, ராத்திரிக்கு மாற்றுவது, வேறு மருந்து. கேட்டால்தானே கிடைக்கும்.

தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். அவசரத்துக்கு வேலை செய்வது போலத் தெரியும், பின்னால் இரண்டு விதத்தில் கெடுக்கும். மாத்திரை சாப்பிடாமலே நன்றாக இருப்பதாக அவர் நம்பிவிடுவார். என்றாவது ஒரு நாள் பிடிபட்டால், 'சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்' என்ற அவருடைய சந்தேகம் உண்மை என்றாகிவிடும். பிறகு அந்த வீட்டில் அவர் சாப்பிடவே மாட்டார். மாத்திரை போட மறுக்கிறவருக்கு இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி உண்டு. ஃப்ளூஃபெனசின், ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளிலேயே இருக்கிறது. தினமும் நடக்கும் மாத்திரைச் சண்டை மாதம் ஒன்றிரண்டு நாளாகச் சுருங்கும்.

இரண்டு மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் ஆபத்து.

இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் சாப்பிடுகிறவர் உடம்பில் நீர் வற்றினால், சிறுநீரகம் உப்போடு சேர்த்து லித்தியத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நாள் முழுக்க வேலை, வயிற்றுப்போக்கு, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், திடீரென்று உப்பில்லாப் பத்தியம் எல்லாமே ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரையும் அப்படித்தான். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தப் பரிசோதனையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போவது. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். ரத்தம் கொடுத்த பிறகு காலை மாத்திரையைப் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது க்ளோசபின். மற்ற மருந்துகள் கைவிட்ட மனச்சிதைவில்கூட வேலை செய்யும். ஆனால் வெள்ளணுக்கள் குறைய வாய்ப்பு உண்டு, அதனால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்ப்பார்கள். காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் கஷாயம் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி ஆரம்பிக்கக் கூடாது, டாக்டர் குறைந்த அளவிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவார். பீடி சிகரெட்டை நிறுத்தினால் இந்த மருந்து ரத்தத்தில் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. நிறுத்துவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தட்டும். மலச்சிக்கலையும் இந்த மருந்தில் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

பஸ் ஸ்டிரைக், புயல், ஆஸ்பத்திரியில் ஸ்டாக் இல்லை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஒரு வார மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறது. உங்கள் தாலுகாவுக்கு எந்தக் கிழமை என்று மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை சென்னைக்கோ மதுரைக்கோ ஓடுகிற பலருக்கு அதே மருந்து பக்கத்திலேயே கிடைக்கும்.

நோய் திரும்புவதற்கு முன்னால் பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் கெடும். இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் மூன்று நான்கு மணி நேரத் தூக்கம் என்றால், அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள். மற்ற அறிகுறிகள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் குளிப்பதை நிறுத்துவார், ஒருவர் ராத்திரி பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போடுவார், ஒருவர் டிவியைத் துணி போட்டு மூடுவார். போன தடவை அட்மிஷனுக்கு முந்தைய மூன்று வாரத்தில் என்னென்ன நடந்தது என்று, அவர் தெளிவாக இருக்கும் நாளில் அவரோடேயே உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் கையெழுத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் 'நீயே எழுதினது, பாரு' என்று காட்டலாம்.

பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். 1970களில் லண்டனில் செய்த ஆய்வுகளில் தெரியவந்தது இது: ஓயாமல் குறை சொல்கிற வீடு, அல்லது கைக்குள்ளேயே பொத்திவைத்து மூச்சு முட்டவைக்கிற வீடு, இரண்டுக்கும் திரும்பிப் போனவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகம். அதிலும் வாரத்தில் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் அதிகம். இரண்டு அறை வீட்டில் இதை எப்படித் தவிர்ப்பது என்ற கேள்வி நியாயமானது. கோயில், நூலகம், சித்தி வீடு, தோட்டம் என்று அவரோ நீங்களோ தினம் சில மணி நேரம் வெளியே இருக்க ஏற்பாடு செய்வதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

மனச்சிதைவில் குரல் கேட்பது, சந்தேகம் எல்லாம் மாத்திரையில் அடங்கிய பிறகும் ஒரு மந்தம் மிஞ்சும். பேச மாட்டார், கிளம்ப மாட்டார், பல் தேய்க்கவே மனசு வராது. இதுவும் நோய்தான். வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம். 'எத்தனை தடவைடா சொல்றது, எருமை மாடு மாதிரி படுத்திருக்கியே' என்பதற்கும் 'வெந்நீர் எடுத்து வெச்சிருக்கேன்பா, குளிச்சிட்டு வா, தோசை ஊத்துறேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் மரியாதையோடு முடிவதில்லை. இரண்டாவதில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதுவும் கண்ணெதிரே இருக்கிறது. விஷம் வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். 'உனக்கு அப்படித் தோணுது, பயமாத்தான் இருக்கும். எனக்கு அப்படித் தெரியல. நானும் இதே தட்டுல சாப்பிடுறேன்' என்பது போதும்.

கோயில், தர்கா பற்றிக் கேட்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த காப்பகத்தில் பற்றிய தீயில் சங்கிலியோடு கருகிப்போன 28 பேருக்குப் பிறகும் கட்டிப்போடுவதற்குச் சமாதானம் சொல்கிறவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை. எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் நம்பிக்கையைக் கேலி செய்கிற டாக்டர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் வந்து தங்கிய 31 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. சில வாரங்கள் அங்கே அமைதியாக, சின்னச் சின்ன வேலை செய்துகொண்டு இருந்ததிலேயே நோய்க்குறிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் இருக்க வேண்டுமா, இருங்கள். 48 நாளுக்கான மாத்திரையையும் கொண்டுபோங்கள்.

'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்பதை மட்டும் நான் மென்மையாகச் சொல்ல மாட்டேன். சரியாகாது. மறைத்துக் கட்டிவைத்தால் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட முடியாமல் நின்றுபோகும், புது இடத்தில் தூக்கமும் கெடும், சில மாதத்தில் பெண் பெட்டியோடு திரும்பி வருவாள், பின்னாலேயே கோர்ட் நோட்டீஸ் வரும். சொல்லிச் செய்த கல்யாணங்கள் நன்றாகவே நடக்கின்றன. இருமுனைக் கோளாறுக்குத் தரும் வால்ப்ரோயேட் சாப்பிடுகிற பெண்ணாக இருந்தால் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கருவின் முதுகுத்தண்டைப் பாதிக்கக்கூடிய மருந்து அது.

நெருக்கடி நேரம். மனநல உதவி எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108. தற்கொலை எண்ணம் தெரிந்தால் மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் வீட்டை விட்டு வெளியேறட்டும், ஆளைத் தனியே விடக் கூடாது. 'சாகணும்னு தோணுதா' என்று நேரடியாகக் கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்பது பொய், கேளுங்கள். போலீஸ் கேஸ் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம். முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு. மனநல டாக்டர் இல்லாத இடத்திலும் பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம் (பிரிவு 94).

அவர் நன்றாக இருக்கும்போதே, தன் பிரதிநிதி யார் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்துவிடலாம், முத்திரைத்தாள் தேவையில்லை. பின்னால் அவரால் முடிவெடுக்க முடியாத நிலையில் 89ஆம் பிரிவின்படி அட்மிஷனுக்கு விண்ணப்பிக்கிறவர் இந்தப் பிரதிநிதிதான். முதல் அனுமதி அதிகபட்சம் 30 நாள்.

இப்போது சான்றிதழ். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் மாற்றுத்திறன் வகைகளில் ஒன்று. தன்னைப் பராமரித்துக்கொள்வது, மனிதரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய்க் காலத்துக்குத் தனி மதிப்பெண்: இரண்டு வருடத்துக்குள் என்றால் 1, பத்து வருடத்துக்கு மேல் என்றால் 4. கூட்டினால் 7 வந்தால் 40 சதவீதம், அதுதான் பெரும்பாலான சலுகைகளுக்கு வாசற்படி. அதனால் பழைய ஓபி சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். 2012 சீட்டு ஒன்று இருந்தால் அது மட்டுமே 4 மதிப்பெண். இன்னொரு தவறு: சான்றிதழ் தரும் மெடிக்கல் போர்டுக்குப் போகிற அன்று குளிப்பாட்டி, இஸ்திரி சட்டை போட்டுவிட்டு, 'இப்போ பரவாயில்ல சார்' என்று பெருமையாகச் சொல்வது. பொய் சொல்ல வேண்டாம். குளிக்க எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, கடைக்குத் தனியாகப் போய்ச் சரியாகச் சில்லறை வாங்கி வருவாரா என்று நடப்பதை நடக்கிறபடி சொல்லுங்கள்.

வேலை பற்றிச் சுருக்கமாக: முழு நாள் வேலையில் தொடங்கினால் பெரும்பாலும் ஒரு மாதம் தாண்டாது. தெரிந்தவர் கடையில் இரண்டு மணி நேரம், ஒரே வேலை, ஒரே நேரம் என்று ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள். சென்னையில் மனநல டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் (மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை) இதற்குப் பயிற்சி தருகிறது. போக இடமில்லாதவர்களுக்காக 1993இல் தொடங்கிய பேன்யன் அமைப்பு, நாலைந்து பேரைச் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து வாழவைக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஊர்வலத்தில் கோஷம் போட்டால் நானும் வருகிறேன்.

எழுபது வயது அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: எனக்கு அப்புறம்? ஆட்டிசம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு போன்றவற்றுக்கான நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி பாதுகாவலர் ஏற்பாடு மனநோய்க்குப் பொருந்தாது, அதற்காக அலைய வேண்டாம். 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவில் குறிப்பிட்ட முடிவுகளை மட்டும் அவரோடு கலந்து எடுக்கும் 'வரம்புக்குட்பட்ட பாதுகாவலர்' என்ற வழி இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால், தானாகச் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அந்தப் பெயரைச் சான்றிதழோடு பெற்றோர் உயிரோடிருக்கும்போதே ஓய்வூதிய ஆவணங்களில் சேர்த்துவிட வேண்டும். இறந்த பிறகு அண்ணனோ அக்காவோ அலைந்து வாங்குவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கையும் இப்போதே தொடங்குங்கள், கையெழுத்துப் போடக்கூடிய நல்ல நாள் ஒன்றில்.