ஓட்டுக்கு ரசீது வேணுமாம்

நேத்து ராத்திரி நடந்த பஞ்சாயத்தைப் பார்த்தவங்களுக்கு முன்கதை தேவையில்லை. "பேங்க்ல பணம் எடுத்தா மெசேஜ் வருது, ஓட்டுப் போட்டா யாருக்குப் போச்சுன்னு ஏன் வரக்கூடாது?"ங்கிற அந்தப் பதிவுக்குக் கீழே நான் போட்டது ஒரே வரி: "அந்த மெசேஜை நீங்க மட்டும்தான் பார்ப்பீங்கன்னு யார் சொன்னது?" அதுக்கு "கள்ள ஓட்டுக்கு வக்காலத்து"ன்னு ஒருத்தர், "எவ்வளவு வாங்கினே?"ன்னு இன்னொருத்தர். பதிவு போட்ட நண்பரோட எனக்குப் பத்து வருஷப் பழக்கம். அவர் அந்த ரெண்டாவது கமெண்ட்டுக்கு ஹார்ட் விட்டிருக்கார். சந்தோஷம்.

ஒரு வரியில புரியலைன்னா நீட்டியே சொல்றேன். உங்க ஓட்டு யாருக்குப் போச்சுன்னு உங்களுக்குக் காட்டுற சீட்டு, உங்களை மிரட்டுறவனுக்கும் காட்டும். பேங்குக்கு நீங்க யாரு, என்ன செஞ்சீங்க, ரெண்டும் தெரியும். தெரிஞ்சாதான் கணக்கே ஓடும். வாக்குச்சாவடிக்கு நீங்க வந்தது தெரியலாம். யாருக்குப் போட்டீங்கன்னு தெரியக் கூடாது.

வெளிப்படைத்தன்மை வேணுமாம், யார் யாருக்குப் போட்டாங்கன்னு வெப்சைட்லயே போடணுமாம். இருந்துச்சே! பிரிட்டன்ல 1872 வரைக்கும் வாக்காளர் எல்லார் முன்னாடியும் வாயைத் திறந்து பேரைச் சொல்லணும். எழுத்தர் குறிச்சுக்குவார். பல ஊர்ல யார் யாருக்குப் போட்டாங்கன்னு புத்தகமாவே அச்சாச்சு. நீங்க கேக்கிற வெப்சைட் அதுதான். அதைப் புரட்டின நிலக்கிழாருக்குத் தன் குத்தகைக்காரன் யார் பக்கம்னு தேட வேண்டிய வேலையே இல்லை. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாகாணம் 1856லயே ரகசிய ஓட்டுக்கு மாறினதும் சும்மா இல்லை.

சரி, சொல்ல வேண்டாம்னு நினைச்சிருந்ததைச் சொல்றேன். முன்னே வேலை பார்த்த இடத்துல ஊழியர் சங்கத் தேர்தல். முதல் நாள் சாயங்காலம் மேலாளர் தோள்ல கை போட்டு, "போட்டுட்டு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல தட்டிவிடுப்பா, சும்மாதான்"னார். அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட் முடியுது. அட்டைத் தடுப்புக்குப் பின்னாடி நின்னு, போனை சைலன்ட்ல போட்டு, சீட்டை முட்டியில வெச்சு எடுத்தேன். கை நடுங்கி முதல் படம் கலங்கிப்போச்சு. ரெண்டாவது எடுத்தேன். அனுப்பினேன். "நல்லா தெரியுது"ன்னு பதில் வந்துச்சு.

"மறுத்திருக்கலாமே"ம்பீங்க. ஆமா, வீரர்களே, மறுத்திருக்கலாம். நான் வேணும்னு நினைச்ச ஆளுக்குப் போட்டுட்டு, "போன்ல சார்ஜ் இல்லை"ன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்க்கு இடம் வேணும்னுதான் சொல்றேன். எல்லாருக்கும் தானா ரசீது வந்தா அந்தப் பொய்யும் போச்சு.

"டெக்னாலஜி வளர்ந்துடுச்சு"ன்னு ஒரு தம்பி லிங்க் லிங்க்கா கொட்டியிருக்கார். படிச்சேன் தம்பி. அமெரிக்காவுல டகோமா பார்க்ங்கிற ஊர் 2009ல நடத்தின தேர்தல்ல வாக்காளர் கையில இருந்தது வெறும் குறியீடு. அது பதிவாகியிருக்கான்னு பார்க்கலாம், யாருக்குன்னு அடுத்தவனுக்கு நிரூபிக்க முடியாது. எஸ்டோனியாவுல இணையத்துல போட்ட ஓட்டை போன்லயே சரிபார்க்கலாம். ஆனா அப்புறம் மாத்திப் போடலாம், கடைசியாப் போட்டதுதான் செல்லும். அதனால அடுத்தவன்கிட்டக் காட்டினாலும் அது சாட்சி ஆகாது. அவங்க அத்தனை மெனக்கெட்டதே மிரட்டுறவனை நினைச்சுத்தான். மெசேஜ் கேக்கிற உங்க பதிவுல அவனைக் காணோம்.

"எண்ணுறதுல தப்பு நடந்தா?" இது நியாயமான கேள்வி, இதுக்கு மட்டும் நான் கோபப்படலை. 2009ல ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், தொழில்நுட்பம் தெரியாத சாதாரண ஆளும் முக்கியமான கட்டங்களைச் சரிபார்க்க முடியணும்னு சொல்லி, அங்கே பயன்படுத்தின இயந்திரங்களைத் தள்ளுபடி பண்ணுச்சு. எனக்கும் அதேதான் வேணும். காகிதம் இருக்கட்டும், கட்சி ஏஜென்ட்டுகள் முன்னாடி எண்ணட்டும், அமெரிக்காவோட கொலராடோ 2017ல மாநிலம் முழுக்கச் செஞ்ச மாதிரி சீட்டுகளைக் குலுக்கல்ல எடுத்து இயந்திரக் கணக்கோட ஒப்பிடட்டும். சரிபார்க்க வேண்டியது மொத்த எண்ணிக்கையை. என் ஓட்டைத் தனியா உருவிக் காட்டச் சொல்லாதீங்க.

இதுக்கா "எவ்வளவு வாங்கினே"? வாங்கினேன் நண்பரே. ஒரு வருஷம் கான்ட்ராக்ட் நீட்டிப்பு வாங்கினேன். போதுமா? இதுக்கும் ஹார்ட் விடுங்க.

அந்தப் போட்டோவை என் போன்லேர்ந்து அன்னிக்கு ராத்திரியே அழிச்சுட்டேன். அவர் போன்ல இன்னும் இருக்கான்னு தெரியலை.