நாலாவது நகர்வில் முடிந்த வீடியோ

இரண்டு வருடத்தில் செஸ்ஸில் எட்டு ஓப்பனிங், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறை, மாற்றியிருக்கிறேன். லண்டன் சிஸ்டம், ஸ்கொட்ச், கிங்ஸ் கேம்பிட், சிசிலியன் டிராகன், பிரெஞ்ச், டச், ஸ்டாஃபர்ட் கேம்பிட், கடைசியாக காரோ-கான். எல்லாம் யூரியூப் புண்ணியம். தொடங்கும்போது லிச்செஸ் என்ற இணைய செஸ் தளத்தில் என் ரேட்டிங், அதாவது ஆட்டத் தரப் புள்ளி, 1380. இன்று காலை பார்த்தேன், 1410. கோண்டாவிலில் ஏறின பஸ் இரண்டு வருடமாகியும் திருநெல்வேலிச் சந்தியைத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் ஏன் தொடங்கினேன் என்று யாழ்ப்பாணத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. வீட்டுக்கு ஒருவர் அங்கேதானே. டி4 ஆடு (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது பலகையில் கட்டத்தின் பெயர்), பிஷப்பை எஃப்4இல் வை, ஈ3, சி3 என்று சிப்பாய்களைக் கட்டு, எதிரி என்ன ஆடினாலும் கவலையில்லை என்றார் வீடியோக்காரர். அந்தக் கடைசி வசனத்தில்தான் நான் விழுந்தேன். ஓப்பனிங்கில் பிழை சொல்ல மாட்டேன், உலகச் சாம்பியனாக இருந்த கார்ல்சனே ஆடியிருக்கிறார். ஆனால் எதிரி என்ன ஆடினாலும் கவலையில்லை என்று பழகியவன், எதிரி என்ன ஆடுகிறான் என்றே பார்ப்பதில்லை. பத்தாவது நகர்வில் நிமிர்ந்து பார்த்தால் என் குதிரை ஒன்றைக் காணவில்லை.

அப்புறம் ஸ்டாஃபர்ட். எரிக் ரோசன் என்ற ஆட்டக்காரர் யூரியூப்பில் பிரபலமாக்கிய சாமான், கறுப்புக்கு. ஈ4, ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வந்து என் சிப்பாயைக் குறிவைக்கிறது. நான் சிப்பாயைக் காப்பாற்றாமல் என் குதிரையை எஃப்6இல் வைக்கிறேன். அது சிப்பாயை வெட்டுகிறது. நான் மற்றக் குதிரையை சி6இல் கொண்டுபோய் வைத்து, இந்தா வெட்டு என்கிறேன். வெட்டினால் குதிரைக்குக் குதிரை சரி, எனக்கு ஒரு சிப்பாய் நட்டம். அதற்குப் பதிலாக வழி முழுக்கக் கண்ணிவெடி. வெள்ளை டி3 ஆடி, பிறகு பிஷப்பை ஜி5இல் கொண்டுவந்து என் குதிரையைக் கட்டிப்போட்டால், கட்டிப்போட்ட அதே குதிரையால் ஈ4 சிப்பாயை வெட்டலாம். அவன் ஆசையோடு ராணியை எடுப்பான். இரண்டு பிஷப்பும் சேர்ந்து எட்டாவது நகர்வில் செக்மேற். முதல் தடவை அப்படி வென்ற இரவு எனக்கு நித்திரையே வரவில்லை. பக்கத்தில் படுத்திருந்த மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் படுத்துவிட்டார்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. ஞாயிறு பின்னேரங்களில் அவருடைய விறாந்தையில் ஆட்டம் நடக்கும். பழைய மரப்பலகை. கறுப்புக் கோட்டை ஒன்று தொலைந்து எத்தனையோ வருடம், அந்த இடத்தில் ஒரு சோடா மூடி நிற்கிறது. ஐயாவுக்கு ஒரு ஓப்பனிங்கின் பெயரும் தெரியாது. சரி, இன்றைக்கு ஐயாவுக்குக் காட்டுவோம் என்று ஸ்டாஃபர்டை எடுத்தேன். மூன்று நகர்வும் வீடியோவில் வந்த மாதிரியே வந்தது. குதிரையை சி6இல் வைத்தேன். ஐயா பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்தார், பலகையைப் பார்த்தார், வெட்டாமல் குதிரையைப் பேசாமல் எஃப்3க்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

"ஏன் ஐயா வெட்டேல்லை?"

"நீ கொண்டுவந்து வாய்க்குள்ள வைக்கிறாய் தம்பி. நான் ஏன் வெட்ட வேணும்?"

நான் ஈ4 சிப்பாயை வெட்டினேன். நட்டமும் இல்லை, லாபமும் இல்லை, இரண்டு பேருக்கும் சமன். ஆனால் நான் பார்த்திருந்த நாற்பது நிமிட வீடியோ நாலாவது நகர்வில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் நானும் ஒரு சோடா மூடிதான்.

எங்கள் ஊரில் ரியூட்டரிக்குப் போனவர்களுக்கு இது விளங்கும். உயர்தரப் பரீட்சை கிட்டும்போது செமினார் வைத்து, எதிர்பார்க்கை வினாக்கள் என்று ஒரு கட்டுத் தாள் தருவார்கள். அதைப் பாடமாக்கிக்கொண்டு போவோம். கேள்வி அப்படியே வந்தால் ராசா நாங்கள்தான். ஒரு சொல் மாறி வந்தால் விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். கண்ணி வைக்கும் வீடியோக்கள் அத்தனையும் அந்தத் தாள்தான். அவற்றில் வரும் எதிரி, வீடியோ எடுத்தவருக்கு வேண்டிய பிழையை வேண்டிய நேரத்தில் விடுகிறான். எனக்கு வரும் எதிரி வேறு பிழை விடுகிறான். அந்தப் பிழையை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பாஸ்பேப்பர் செய்தவன்தான் கடைசியில் பாஸ் பண்ணுவான் என்று அப்பா சொல்வார். அதனால் போன மாதம் என்னுடைய கடைசி நாற்பது தோல்விகளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். காசு ஒன்றும் தேவையில்லை. லிச்செஸ்ஸில் நம் பெயரைக் கொடுத்தால் நம்முடைய ஆட்டங்களை மட்டும் எடுத்து, எந்த நகர்வுக்குப் பிறகு எத்தனை தோற்றோம் என்று காட்டுகிறது. ஓப்பனிங்கிலேயே உடைந்தது ஆறு ஆட்டம். மிச்சம் எல்லாம் இருபதாவது நகர்வுக்குப் பிறகு: வெட்டுக்கு நின்ற காயைக் காணாமல் விட்டது, வெல்ல வேண்டிய ஆட்டத்தில் மணி முடிந்தது, கோட்டை முடிவாட்டத்தில், அதாவது ராஜாவோடு கோட்டையும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டத்தில், முழித்தது. ஆறு ஆட்டத்துக்காக எட்டு ஓப்பனிங் படித்திருக்கிறேன்.

அந்த ஞாயிறும் தோற்றது கோட்டை முடிவாட்டத்தில்தான். ஐயாவிடம் கோட்டையும் ஒரு சிப்பாயும், என்னிடம் சோடா மூடி மட்டும். என் ராஜா சிப்பாயின் பாதையிலேயே நின்றது. சமன் செய்திருக்க வேண்டும். நான் பயத்தில் கோட்டையைக் கடைசி வரிசைக்கு இழுத்து ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கேயே கிடந்து செத்தது. பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு வழி காட்டிவிட்டார்: என் பக்கமிருந்து எண்ணி மூன்றாவது வரிசையில் கோட்டையை வைத்து எதிரி ராஜாவை ஏறவிடாமல் மறி. அவன் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளிய உடனே கோட்டையைத் தூரக் கோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் கொடு. ராஜாவுக்கு ஒளிக்க இடமிருக்காது. படிக்க அரை மணித்தியாலம் போதும். இரண்டு வருடத்தில் அந்த அரை மணித்தியாலம் எனக்குக் கிடைக்கவில்லையாம்.

2024 டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியை வேலை நேரத்தில் மேசைக்குக் கீழே போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்காவது ஆட்டம், சமநிலை என்றுதான் எல்லோரும் நினைத்தது. 55ஆவது நகர்வில் அதுவரை சாம்பியனாக இருந்த டிங் லிரன் கோட்டையை எஃப்2இல் வைத்தார், அதுதான் பிழை. குகேஷ் கோட்டைகளையும் பிஷப்புகளையும் மாற்றினார், சிப்பாய் முடிவாட்டம் வென்றாகிவிட்டது. பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன். அவர்கள் ஓப்பனிங்குக்கு மாதக்கணக்கில் தயார் செய்தவர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் பட்டம் கைமாறியது முடிவாட்டத்தில்தான். அதைப் பார்த்துவிட்டு அன்றிரவு நான் என்ன செய்தேன்? "டச் டிஃபென்ஸ், பத்தே நிமிடத்தில்" என்று ஒரு வீடியோ பார்த்தேன்.

வீடியோ என்றாலே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2025 ஒக்டோபரில் 29 வயதில் காலமான டேனியல் நரோடிட்ஸ்கியின் ஸ்பீட்ரன் வீடியோக்களைப் பாருங்கள். கிராண்ட்மாஸ்டர் ஒருவர் குறைந்த ரேட்டிங்கில் இருந்து தொடங்கி, நம்மைப் போன்றவர்களோடு ஆடி, ஒவ்வொரு நகர்விலும் என்ன யோசிக்கிறார் என்று வாய்விட்டுச் சொல்கிறார். எதிரி ஆடியதும் நான் இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு என் நகர்வை ஒரு கொப்பியில் எழுதுகிறேன். பிறகு ஓடவிடுகிறேன். ஒரு மணித்தியால வீடியோ மூன்று மணித்தியாலம் போகிறது. பெரும்பாலும் பிழைதான். ஆனால் என் பிழை எது என்று தெரிகிறது.

இப்போது கறுப்புக்குக் காரோ-கான் மட்டும். மாற்றுவதில்லை என்று முடிவு. பிரெஞ்சில் முதலே ஈ6 ஆடுவதால் வெள்ளைக் கட்டத்து பிஷப் படலையைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்துவிடும். இதில் சி6, டி5, பிறகு பிஷப்பை எஃப்5க்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் ஈ6. கண்ணி வைக்கத் தேவையில்லை. அலுப்பாகத்தான் இருக்கும். எனக்கு அந்த அலுப்பு வேண்டும்.

ஐயாவிடம் ஒருநாள் அந்த ஸ்டாஃபர்ட் வீடியோவைக் காட்டியிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தடவை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. போன ஞாயிறு நான் வெள்ளை. ஈ4 ஆடினேன். மூன்றாவது நகர்வில் ஐயா குதிரையைக் கொண்டுவந்து சி6இல் வைத்துவிட்டு வெளியே மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெட்டினேன். டி3 ஆடினேன். அதற்குப் பிறகு வெள்ளை என்ன ஆட வேண்டும் என்பதும் அதே வீடியோவின் கடைசி ஐந்து நிமிடத்தில் இருந்தது. கறுப்புக்குத் தேவையில்லை என்று நான் அதைத் தள்ளிவிட்டிருந்தேன்.