அரியணையை மீட்பது சுலபம், ஊரை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு

அரண்மனையில் ஒரு கொலை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாதி ஓடுகிறாள். காட்டில் வளர்ப்பு, பன்னிரண்டு வயதில் உண்மை, கடைசியில் மகுடம். சிறார் ஃபேன்டசியில் அடித்துத் துவைத்த கதைதான். ஆனாலும் பிள்ளைகளுக்கு அலுக்கவே அலுக்காது, அலுக்கவும் வேண்டாம். என் குறை வேறு. எழுதுகிறவர்கள் உழைப்பைத் தப்பான இடத்தில் கொட்டுகிறார்கள். டிராகனுக்கு மூன்று அத்தியாயம், மந்திர வாளுக்கு இரண்டு. இவன்தான் வாரிசு என்று ஊர் ஏன் நம்ப வேண்டும்? அதற்கு மட்டும் தோளில் ஒரு மச்சம்!

மச்சம் எதையும் நிரூபிக்காது. அதைப் பார்த்தவர்கள் தாயும் தாதியும்தான். தாயை முதல் அத்தியாயத்திலேயே கொன்றாயிற்று. தாதியின் சொல் சபையில் எடுபடாது. முத்திரை மோதிரம் இன்னும் மோசம், அதை யார் வேண்டுமானாலும் திருடலாம்.

நிஜத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1487இல் டப்ளினில், சுமார் பத்து வயதுப் பையன் லாம்பர்ட் சிம்னெலுக்கு இங்கிலாந்தின் அரசன் என்று முடிசூட்டினார்கள். எந்த வாரிசின் பெயரில் அவனை நிறுத்தினார்களோ, அந்த வாரிசு லண்டன் கோபுரத்தில் உயிரோடு சிறையில் இருந்தான். அப்போது ஆண்டுகொண்டிருந்த அரசர் ஏழாம் ஹென்றி அந்த நிஜ வாரிசை வெளியே கொண்டுவந்து ஊருக்கே காட்டினார். அப்படியும் பிரபுக்கள் சிம்னெலுக்காகப் படை திரட்டினார்கள். தோற்றபின் ஹென்றி பையனைக் கொல்லவில்லை, அரண்மனைச் சமையற்கட்டில் வேலைக்குப் போட்டார். ரஷ்யாவில் 1605இல், இறந்துபோன இளவரசன் திமித்ரி நான்தான் என்று ஒருவன் வந்து நின்றான். அந்த இளவரசனின் தாயே ‘இவன் என் மகன்தான்’ என்று ஏற்றுக்கொண்டாள். மறு வருடம் அவன் கொல்லப்பட்டதும், இல்லவே இல்லை என்று மறுத்துவிட்டாள்.

ஆக, அடையாளம் காண்பவருக்கு அதில் என்ன லாபம், என்ன நஷ்டம்? நாவலின் எஞ்சின் இந்தக் கேள்விதான். உண்மை தெரிந்தும் வாயைத் திறக்காத ஒரு பழைய தளபதியை வையுங்கள். அவருடைய மகன் இப்போதைய அரசனின் காவல்படையில் இருக்கிறான். உண்மை தெரியாமலேயே ‘இவன்தான் இளவரசன்’ என்று சத்தியம் செய்யும் ஒரு எல்லைப் பிரபுவையும் வையுங்கள். அவருக்கு வேண்டியது சுங்கச்சாவடி. இந்த இருவருக்கும் நடுவில் பையன் நின்றால் கதை தானாக நகரும். தன்னை ஆதரிப்பவன் பொய்யன், எதிர்ப்பவன் நல்லவன் என்று பத்து வயது வாசகருக்குப் புரியும் இடம் டிராகனைவிடப் பலமானது. குழந்தைகளுக்கு இது கஷ்டம் என்று சொல்பவர்கள், பள்ளி மைதானத்தில் அணி பிரிக்கும்போது நடக்கும் அரசியலைப் பார்த்ததில்லை போலும்.

அடுத்து, அரியணையைப் பறித்த சித்தப்பா. (ஏன் எப்போதும் சித்தப்பாவே? அத்தையாக இருந்தால் என்ன?) இளவரசன் இரண்டு வயதில் போய்ப் பன்னிரண்டில் திரும்புகிறான் என்றால், பத்து வருடம் இவர்தான் வரி வாங்கியிருக்கிறார், சம்பளம் கொடுத்திருக்கிறார். நாணயத்தில் இவர் முகம். பையன் ரொட்டி வாங்கினாலும் எதிரியின் முகத்தைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அவன் வயதுப் பிள்ளைகளுக்கு வேறு ராஜாவே தெரியாது. அவர் ஏதோ ஒன்றையாவது உருப்படியாகச் செய்திருக்க வேண்டும், ஒரு பாலமோ, தானியக் கிடங்கோ. முழு அயோக்கியன் என்றால் மூன்றாம் வருடமே கலகம் வெடித்திருக்காதா என்று ஒரு புத்திசாலிக் குழந்தை கேட்கும். பதில் இருக்காது.

சண்டைக்கு வருவோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எடை ஏறத்தாழ 40 கிலோ. ஒற்றைக் கை வாள் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், ஆகவே தூக்கலாம். ஆனால் இரும்பு வளையக் கவசச் சட்டை மட்டுமே 10 கிலோ வரும். அதைப் போட்டுக்கொண்டு 80 கிலோ வீரனை நேருக்கு நேர் வெட்டிச் சாய்ப்பதாக எழுதினால் மந்திரம் தேவை. மந்திரம் வந்தால் வெற்றி வாளுடையது, பையனுடையது அல்ல. அவனுடைய சிறிய உடம்பையே பயன்படுத்துங்கள். பெரியவர்கள் நுழைய முடியாத மதகு, இருட்டில் ஏறக்கூடிய சுவர், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத குதிரைலாயப் பையன் வேடம்.

சின்ன அரசனின் வயதைக் காட்டப் புறநானூற்றின் 77ஆம் பாட்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர்கிழார் பாடியது. வயது எத்தனை என்று சொல்வதே இல்லை. குழந்தைச் சதங்கையான கிண்கிணியைக் கழற்றிய காலில் வீரர் அணியும் கழல், கழுத்தில் இன்னும் கழற்றாத ஐம்படைத்தாலி என்னும் குழந்தைக் காப்பணி, பாலை விட்டு இன்றுதான் உணவு உண்டவன். பகைவரைக் கொன்றபின் மகிழவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. நம் நாவல்களில் பையன் முதல் கொலை செய்ததும் நண்பர்களோடு சேர்ந்து கூச்சல் போடுகிறான்.

பயணக் கணக்கிலும் கோட்டை விடுகிறார்கள். நல்ல பாதையில் பெரியவர் ஒரு நாளில் 25, 30 கிலோமீட்டர் நடப்பார், குழந்தையோடு என்றால் 15. வண்டிகளோடு போகும் படையும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். தலைக்கு ஒரு கிலோ தானியம் என்று வைத்தாலும் ஆயிரம் பேருக்குத் தினம் ஒரு டன் வேண்டும். மூன்றே நாளில் மலை தாண்டி முற்றுகை போடும் புரட்சிப்படை எதைத் தின்றது?

மந்திரத்துக்கு விதி ஒன்றுதான்: விலை இருக்க வேண்டும், அந்த விலையை முதல் கால்பங்குக்குள் வாசகருக்குக் காட்டிவிட வேண்டும். இருபதாம் அத்தியாயத்தில் திடீரென்று புதுச் சக்தி முளைத்தால் பிள்ளைகள் அதை ஏமாற்று என்றே சொல்வார்கள்.

கடைசியாக முடிவு. மகுடம் வைத்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், நிஜமான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 1556இல் அக்பர் அரியணை ஏறியபோது வயது 13. ஆட்சியை நடத்தியது அவருடைய காப்பாளர் பைராம் கான். 1560இல் அவரை விலக்கிய பிறகுதான் அதிகாரம் அக்பரிடம் வரத் தொடங்கியது. உங்கள் பன்னிரண்டு வயது அரசனுக்கும் ஒரு பைராம் கான் இருந்தே தீருவார், பெரும்பாலும் அவனைக் காட்டில் வளர்த்த அதே அன்பான தாத்தா. அவர் நீட்டும் முதல் ஆணையில் முத்திரை குத்த மாட்டேன் என்று பையன் சொல்லும் ஒரு காட்சியை முடிசூட்டு விழாவுக்கு அடுத்த பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டாம் பாகத்துக்குப் புது வில்லன் தேட வேண்டியிருக்காது.