கசிந்தாலும் ஒன்றும் ஆகாது என்பது சரியல்ல
‘டிஸ்டில்டு வாட்டர் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே கசிந்தாலும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்றும் ஆகாது’ என்று முதன்முறையாக வாட்டர் கூலிங் கணினி (குழாய்களில் நீரைச் சுழலவிட்டுக் குளிர்விக்கும் கணினி) கட்டுபவருக்குச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். பாட்டிலில் இருக்கும்வரை அது மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் சிப்பின் மேல் பொருத்தும் செப்பு பிளாக்கையும், நீரின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டருக்குள் தங்கிவிட்ட ஃபிளக்ஸையும் (பற்றவைக்கும்போது பூசும் பொருள்) தொட்டுச் சுழலச் சுழல அயனிகள் கரைந்து அதன் கடத்துதிறன் ஏறிவிடும், போர்டின் மேல் படிந்திருக்கும் தூசியும் (தூசி இல்லாத கேபினட்டை நான் பார்த்ததில்லை) தன் பங்கைச் சேர்க்கும். எனவே நீரை நிரப்புவதற்கு முன், காற்றழுத்தச் சோதனைக் கருவியால் சுமார் 0.5 பார் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று அரைமணி நேரமாவது பார்க்க வேண்டும். நிரப்பிய பிறகும் மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் (குழாய் இணைப்பின்) அடியிலும் டிஷ்யூ தாளை வைத்துச் சில மணி நேரம் ஈரம் தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும்.