டபுள் எக்ஸ்போஷர் போர்ட்ரெயிட்: 50 சதவீத ஒபாசிட்டி வைத்தால் வராது
"எந்த இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒபாசிட்டியை 50 சதவீதமாக்கினால் டபுள் எக்ஸ்போஷர் போர்ட்ரெயிட் ரெடி" என்று ஒரு கட்டுரை சொல்வது சரியில்லை. (டபுள் எக்ஸ்போஷர் போர்ட்ரெயிட் என்பது ஒருவரின் உருவத்துக்குள் மரம் போன்ற இன்னொரு படம் தெரியும்படி இரண்டையும் கலப்பது; ஒபாசிட்டி என்பது மேலுள்ள படம் கீழுள்ளதை எவ்வளவு மறைக்கும் என்ற அளவு.) அப்படிச் செய்தால் இரண்டுமே வெளுத்துப்போய் முகமும் தெரியாது, மரமும் தெரியாது. வேண்டியது, எடிட்டிங் ஆப்பில் இரண்டு படங்களைக் கலக்கும் முறைகளில் ஒன்றான ஸ்கிரீன் பிளெண்ட் மோட். அதில் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். கறுப்பான இடத்தில்தான் அடுத்த படம் வந்து உட்காரும். அதனால் பாதி வேலை கேமராவிலேயே முடிய வேண்டும். ஆளை வெள்ளைச் சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிப் பக்கவாட்டாக நிறுத்தி, வெளிச்சம் சுவர்மேல் மட்டும் விழும்படி பாருங்கள். மேனுவல் மோடில் (அளவுகளை நாமே வைக்கும் முறை) சுவரின் வெளிச்சத்தை கேமரா மீட்டரில் அளந்து, அது காட்டுவதைவிட 2 ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு). சுவர் சாம்பல் நிறமாக விழுந்தால் தலைக்கு வெளியேயும் இலை, கிளையெல்லாம் அழுக்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். வெள்ளை யூனிஃபார்ம் சட்டையோடு எடுக்காதீர்கள், தோளே காணாமல் போகும். (நம் ஊர்க் கருப்பு முடி இதற்கு வரப்பிரசாதம்.) இரண்டாவதான மரப் படத்தில் வானம் இருந்தால், அது விழும் இடத்தில் முகம் அழிந்துவிடும், அதனால் மரத்தின் அடர்ந்த பகுதி கண், மூக்கு மேல் வருமாறு நகர்த்துங்கள். போன் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு: ஸ்நாப்சீட் ஆப்பில் டபுள் எக்ஸ்போஷர் டூலுக்குள் லைட்டன் போட்டால் கிட்டத்தட்ட இதே விளைவுதான். ஃபிலிமில் ஒரே ஃபிரேமில் இரண்டு முறை எடுக்கும்போது ஒவ்வொரு எக்ஸ்போஷரையும் 1 ஸ்டாப் குறைக்கச் சொல்லும் பொது விதியை இந்த நிழலுருவப் படத்துக்குப் பிடித்துத் தொங்க வேண்டாம், குறைத்தால் பின்னணி மறுபடி சாம்பலாகிவிடும்.