வானம் அதிர்வது நிலம் நடுங்கிய பிறகு

பெரிய நிலநடுக்கம் எங்கே வந்தாலும் மறுநாள் வாட்ஸ்அப்பில் அதே செய்தி வந்துவிடுகிறது: அயனி மண்டலத்தில் (வானத்தில் மிக உயரே, எலக்ட்ரான்கள் தனியே திரியும் காற்று அடுக்கு) மாற்றம் தெரிந்தது, செயற்கைக்கோள் முன்பே பார்த்துவிட்டது, மறைத்துவிட்டார்கள். இந்த முறை அனுப்பியவர் என் சொந்த அத்தை. நல்ல மனதோடுதான் அனுப்பினார், அதனால் பதிலைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தச் செய்தி முழுப் பொய்யும் இல்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் 9.0 அளவில் நடுங்கியதே, அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜிபிஎஸ் நிலையங்கள் இருக்கின்றன. ஜிபிஎஸ் சிக்னல் அயனி மண்டலத்தைத் தாண்டித்தான் வருகிறது, அதனால் அங்கே எலக்ட்ரான் எவ்வளவு என்பதும் அதில் தெரியும். அந்தப் பதிவுகளை அலசிய ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் கொசுகே ஹெக்கி, நடுக்கத்துக்குச் சுமார் 40 நிமிடம் முன்பே மேலே எலக்ட்ரான் கூடத் தொடங்கிவிட்டது என்று அதே ஆண்டு எழுதினார். மற்றவர்கள் மறுத்தார்கள். நடுக்கத்துக்குப் பிறகு, சுனாமி கிளம்பிய கடலுக்கு மேலே எலக்ட்ரான் நன்றாகக் குறைந்துபோனது, அந்தப் பள்ளத்தையும் சேர்த்து 'இது இயல்பு' என்று கோடு போட்டால் அதற்கு முன்னால் இருந்த சாதாரண அளவே மேடு மாதிரித் தெரியும் என்றார்கள். ஹெக்கி பதிலும் எழுதினார். எனக்கு மறுத்தவர்கள் பக்கம்தான் வலுவாகப் படுகிறது.

இதற்கென்றே பிரான்ஸ் 2004இல் டெமெட்டர் என்ற செயற்கைக்கோளை ஏவி ஆறு ஆண்டுகளுக்கு மேல் பார்த்தது. ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தபோது, இரவு நேரத்தில், நடுக்கத்துக்குச் சில மணி நேரம் முன்பு ரேடியோ அலைகளின் வலிமை லேசாகக் குறைவது தெரிந்தது. சராசரியில்தான். அதை வைத்து நாளை இந்த ஊரில் என்று யாராலும் சொல்ல முடியாது. அயனி மண்டலம் சூரியன் உதித்தாலும் மாறும், சூரியப் புயல் அடித்தாலும் மாறும்; உலகத்தில் 5க்கு மேற்பட்ட நிலநடுக்கமோ ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டும், அதாவது தினமும் மூன்று நான்கு. எந்த மாற்றத்தைக் காட்டினாலும் பக்கத்திலேயே ஒரு நடுக்கம் கிடைத்துவிடும்.

சரி, அப்படியானால் வானத்தைப் பார்ப்பதே வீணா? இல்லவே இல்லை. நடுங்கிய பிறகு நடப்பதில் சந்தேகமே கிடையாது. கடல் மட்டம் சட்டென்று எழும்பும்போது காற்றையும் மேலே தள்ளுகிறது, அந்த அலை மேலே போகப்போகக் காற்று மெலிவதால் பெரிதாகிக்கொண்டே போய், பத்து நிமிடத்துக்குள் 300 கிலோமீட்டர் உயரத்தில் எலக்ட்ரான்களை உலுக்குகிறது. அவற்றின் ஊடாக வரும் ஜிபிஎஸ் சிக்னல் தாமதப்படும் விதத்தில் இது தெரிந்துவிடும். 2011இல் ஜப்பானில் முதல் சில நிமிடங்களில் 7.9 என்றுதான் கணித்தார்கள், 9.0 என்பது அதைப்போல நாற்பது மடங்குக்கும் மேல் ஆற்றல். எவ்வளவு தண்ணீர் கிளம்பியது என்று மேலிருந்து சொல்ல ஒன்று இருந்தால் அந்தக் குறைமதிப்பீட்டைச் சீக்கிரம் திருத்தலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2025 ஜூலையில் ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 வந்தபோது, ஜிபிஎஸ் சிக்னல்களை வைத்து அயனி மண்டலத்தைக் கவனிக்கும் நாசாவின் கார்டியன் அமைப்பு சுமார் 20 நிமிடத்திலேயே வல்லுநர்களுக்குத் தகவல் அனுப்பியது, ஹவாய்க் கரையை அலை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே அயனி மண்டலத்தில் சுனாமியின் அடையாளத்தையும் உறுதி செய்தது.

2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா பக்கம் நடுங்கியது நம் நேரப்படி 6.29க்கு. நாகப்பட்டினத்தில் அலை வந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் சித்தப்பா வீட்டில் இரண்டு பேரை அன்று இழந்தோம். அந்த அலை கிளப்பிய நெளிவும் அன்றைக்கு அயனி மண்டலத்தில் பதிவாகியிருந்தது, கடல் மட்டத்தை அளந்துகொண்டிருந்த ஜேசன்-1 செயற்கைக்கோளின் தரவில் அதைப் பிறகு கண்டுபிடித்தார்கள். அத்தை, அவர்களுக்கு முந்தைய நாளே யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும், நடந்தே மேட்டுக்குப் போயிருப்பார்கள்.